பைத்தான் கற்போர்க்கு இணையம் இலவசமாகத் தருபவை

பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்க முற்படும் ஒருவர், கணினியும் இணைய இணைப்பும் கைவசம் இருக்குமானால், அதற்குமேல் ஒரு ரூபாயும் செலவிடாமலேயே அம்மொழியில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட முடியும். மொழியே இலவசமானது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள சி.டபிள்யூ.ஐ. என்ற கணித, கணினியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கிடோ வான் ரோசம், 1989 டிசம்பரில் அதை எழுதத் தொடங்கி, 1991 பிப்ரவரியில் மூலநிரலோடு பொதுவில் வைத்தார். அன்றுமுதல் யார் வேண்டுமானாலும் அதைத் தரவிறக்கலாம், படிக்கலாம், மாற்றலாம். மொழியைப் போலவே அதைக் கற்பிக்கும் நூல்களிலும் பாடங்களிலும் மிகச் சிறந்தவை சில இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தும் ஊருக்கு ஊர் பயிற்சி மையங்கள் ஆயிரக்கணக்கில் கட்டணம் பெறுவதும், கடன் வாங்கியேனும் அக்கட்டணத்தைப் பெற்றோர் செலுத்துவதும் தொடர்கின்றன. அங்கே கிடைப்பது நேரக் கட்டுப்பாடும் ஐயம் கேட்க ஓர் ஆசிரியரும் என்றால் அப்பணத்துக்குப் பொருள் உண்டு. பாடம் மட்டுமே என்றால் அது வீண்செலவு.

ஆனால் இணையத்தில் தேடுபவரின் இடர்ப்பாடு வேறு. கிடைக்காமை அன்று, மிகுதியாகக் கிடைப்பதே அவரைத் திணறடிக்கிறது. ஒரே விளக்கத்தைச் சொல் மாற்றி எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்கள், பாதியில் நிற்கும் காணொளித் தொடர்கள், முதல் மூன்று பாடங்களை இலவசமாகக் காட்டி நான்காவதில் கட்டணம் கேட்கும் தளங்கள் என எல்லாம் ஒரே தேடலில் வந்து விழுகின்றன. புதிதாகக் கற்பவருக்கு அவற்றுள் எது நல்லது என்று மதிப்பிடும் அறிவு இராது. அந்த அறிவு வந்தபின் அவருக்கு அப்பக்கங்கள் தேவைப்படா. ஆகவே, மொழியை இன்னும் அறியாதவரும் பயன்படுத்தக்கூடிய சில அளவுகோல்களைக் கூறுவது பயனுடையதாகும்.

முதலாவது, அப்பாடம் பைத்தானின் எந்தப் பதிப்பைச் சார்ந்தது என்பது. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3, தனக்கு முந்தைய பைத்தான் 2-உடன் பல இடங்களில் ஒத்துப்போகாதவாறு திட்டமிட்டே மாற்றியமைக்கப்பட்டது. பழைய பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் நாள் முடிவுக்கு வந்தது. ஆனால் இணையத்தில் பழைய பக்கங்கள் அழிவதில்லை. இரண்டு பாடங்களின் மதிப்பெண்களான 75, 80 ஆகியவற்றைக் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி காணும் ஒரு சிறு நிரலை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு தெளிவாகும். பைத்தான் 2-இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வெட்டப்படும் என்பதால் சராசரி 77 என்று வரும். பைத்தான் 3-இல் அதே வரி 77.5 என்று தரும். அச்சிடும் கட்டளையான 'பிரின்ட்'டுக்கு அடைப்புக்குறி இடாத பழைய வழக்கத்தைப் பின்பற்றினால், புதிய பைத்தான் உடனே நின்று, அடைப்புக்குறி விடுபட்டதைச் சொல்லிவிடும். அந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொள்வதால் தீங்கற்றது. வகுத்தலில் ஏற்படும் வேறுபாடோ எந்த எச்சரிக்கையும் தராமல் விடையை மட்டும் மாற்றிவிடும். பக்கத்தில் தேதி இல்லையென்றால், அல்லது 'பிரின்ட்'டுக்குப்பின் அடைப்புக்குறி இல்லையென்றால், அப்பக்கத்தை உடனே மூடிவிடுவது நல்லது.

இரண்டாவது அளவுகோல், அப்பாடம் கற்பவரை எழுத வைக்கிறதா என்பது. நிரலாக்கம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொருள் அன்று. பிறர் நிரல் எழுதுவதைக் காணொளியில் காணும்போது எல்லாம் விளங்கியது போலத் தோன்றும். வெற்றுத் திரையின் முன் அமர்ந்து, தானே ஒரு நிரலைத் தொடங்க வேண்டிய நேரத்தில்தான் விளங்கியது எவ்வளவு என்பது தெரியவரும். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பயிற்சிக் கணக்குகள் உள்ளனவா, எழுதிய விடை சரியா என்று சோதிக்க வழி உள்ளதா என்று பார்த்தே ஒரு மூலத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மூன்றாவது அளவுகோலான உரிமத்தைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

இவ்வளவுகோல்களை வைத்துப் பார்க்கும்போது முதலில் எண்ணத் தக்கது, பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணத் தளத்திலுள்ள 'பைத்தான் டுட்டோரியல்' என்னும் பாடம். வான் ரோசம் தொடங்கிவைத்து, பின்னர்ப் பலர் கைபட்டுச் செம்மையான இப்பாடம் மொழியின் ஒவ்வொரு வெளியீட்டோடும் புதுப்பிக்கப்படுவதால் பதிப்புச் சிக்கல் இதில் எழாது. இணையத் தரவு குறைவாக உள்ளவர்கள் ஆவணம் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். இருப்பினும், நிரலாக்கத்துக்கே புதியவருக்கு முதல் பாடமாக இதைப் பரிந்துரைப்பது தவறு. இது ஏற்கெனவே ஏதேனும் ஒரு நிரல்மொழியை அறிந்தவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது; மூன்றாம் அத்தியாயத்திலேயே ஃபிபனாச்சி எண்தொடரை, இரண்டு மாறிகளுக்கு ஒரே வரியில் மதிப்பு வழங்கும் முறையால் எழுதிக் காட்டிவிடுகிறது. மாறி என்பது மதிப்பொன்றைக் குறிக்க நிரலில் இடப்படும் பெயர் என்பதையே அப்போதுதான் அறிந்த ஒருவர் அங்கே திகைத்து நிற்பார்.

அடிப்படைகளை ஓரளவு கற்றுக்கொண்டு திரும்பி வருபவருக்கோ இந்தப் பாடம் பெருந்துணையாக அமையும். மற்ற பக்கங்கள் தொடாமல் விடும் இடர்களை இது முன்கூட்டியே சுட்டிக்காட்டுகிறது என்பதற்கு நான்காம் அத்தியாயத்திலுள்ள ஓர் எடுத்துக்காட்டுப் போதும். செயற்கூறு என்பது, பெயரிட்டு வைத்து வேண்டும்போதெல்லாம் அழைத்துக்கொள்ளும் நிரல்பகுதி. அதற்கு உள்ளீடு ஒன்றைத் தராமல் விட்டால் எந்த மதிப்பைக் கொள்ள வேண்டும் என்று முன்னதாகவே குறித்துவைக்கலாம். அந்த மதிப்பாக ஒரு வெற்றுப் பட்டியலைக் குறித்து, தரப்பட்ட எண்ணை அப்பட்டியலில் சேர்த்துத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றை 1, 2, 3 என்னும் எண்களோடு மூன்று முறை அழைத்தால், ஒவ்வொரு முறையும் ஓர் எண் மட்டுமே கொண்ட பட்டியல் வரும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் முதல் முறை 1-உம், இரண்டாம் முறை 1, 2-உம், மூன்றாம் முறை 1, 2, 3-உம் வருகின்றன. ஏனெனில் அந்த வெற்றுப் பட்டியல் செயற்கூற்றை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் உருவாக்கப்படுகிறது. பணியில் பல ஆண்டுகள் கழித்தவரையும் இடறிவிடும் இந்த நுட்பத்தை ஒரு தொடக்கப் பாடம் எடுத்துக்காட்டோடு எச்சரித்துவைப்பது எளிய உதவி அன்று. அதேபோல், 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.3-க்குப் பதிலாக 0.30000000000000004 என்று வருவது கணினியின் பழுது அன்று, பதின்மப் பின்னங்களை இரும எண்களாகச் சேமிப்பதன் விளைவு என்பதை விளக்க இதில் ஒரு தனி அத்தியாயமே உண்டு.

நிரலாக்கத்தை முதன்முதலாகக் கற்பவருக்கு உரிய நூல், ஆலன் டவுனி எழுதிய 'திங்க் பைத்தான்'. இந்நூல் பிறந்த வகையை அறிந்தால் இலவச நூல் என்பதன் முழுப் பொருளும் விளங்கும். 1999-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜாவா மொழியில் ஒரு தொடக்க வகுப்பை நடத்த இருந்த டவுனி, பருமனான பாடநூல்களை மாணவர்கள் படிப்பதே இல்லை என்பதைக் கண்டு, அவர்கள் படிக்கக்கூடிய அளவிலான ஒரு சிறு நூலைத் தாமே எழுதினார். மாணவர்கள் ஐம்பது பக்கத்தைப் படிக்காமல் விடுவதைவிடப் பத்துப் பக்கத்தைப் படிப்பது மேல் என்பதும், கலைச்சொற்களை அவை முதலில் வரும் இடத்திலேயே வரையறுக்க வேண்டும் என்பதும் அவர் வகுத்துக்கொண்ட விதிகள். அந்நூலை எவரும் படியெடுக்கவும் மாற்றவும் பகிரவும் இசைவளிக்கும் உரிமத்தோடு அவர் வெளியிட்டார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியராக இருந்த ஜெஃப் எல்க்னர், அந்த நூலை எடுத்து ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு மாற்றி எழுதி டவுனிக்கு அனுப்பிவைத்தார். தாம் எழுதிய நூலைப் படித்தே டவுனி பைத்தானைக் கற்றுக்கொண்டார். அந்தப் பைத்தான் வடிவம் 2001-இல் நூலாக வந்தது. பின்னர்த் திருத்தப்பட்டுத் 'திங்க் பைத்தான்' ஆனது.

தொடர்ச்சி அங்கும் நின்றுவிடவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சார்ல்ஸ் செவரன்ஸ், 2009 டிசம்பரில், தம் மாணவர்களுக்கு வழிமுறைகளின் (அல்காரிதங்களின்) கோட்பாட்டைவிடத் தரவுகளைக் கையாளும் திறனே முதன்மையாகத் தேவை என்று கருதி, டவுனியின் நூலை அடித்தளமாகக் கொண்டு எடுத்துக்காட்டுகளை மாற்றியும், இணையத்திலிருந்து தரவு பெறுதல், தரவுத்தளம் ஆகியன பற்றிய புதிய அத்தியாயங்களைச் சேர்த்தும் வேறொரு நூலை ஆக்கினார். அதுவே பைத்தான் 3-க்கு மாற்றப்பட்டு இன்று 'பைத்தான் ஃபார் எவ்ரிபடி' என்ற பெயரில் வழங்குகிறது. நூல், விரிவுரைக் காணொளிகள், தானாகவே திருத்தும் பயிற்சிகள் அனைத்தும் அவருடைய தளத்தில் இலவசம். ஸ்பானிஷ், இத்தாலியம் உள்ளிட்ட மொழிகளில் அதன் பெயர்ப்புகளும் வந்துள்ளன. ஓர் ஆசிரியர் எழுதியதை இன்னோர் ஆசிரியர் தம் மாணவருக்கேற்பத் திருத்த, அதை மற்றோர் ஆசிரியர் வேறு தேவைக்கு வளர்த்தெடுக்க, நடுவில் எவரும் எவரிடமும் அனுமதிக்காகக் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் மூன்றாவது அளவுகோலின் முக்கியத்துவம் புலப்படுகிறது. காசு வாங்காமல் தருவதும், உரிமத்தோடு தருவதும் வெவ்வேறு. காசு வாங்காமல் மட்டும் தரும் தளம் நாளை கட்டணம் விதிக்கலாம், மூடிவிடலாம். கற்பவர் அதைத் தடுக்க இயலாது. கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற பொது உரிமத்தோடு வெளியான நூலோ, அதன் முதல் தளம் மறைந்தாலும் பிறர் வைத்திருக்கும் படிகளின் வழியே முறைப்படியே வாழும். அல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' என்னும் நூலும் இவ்வகையினதே. கடைகளில் விலைக்கு விற்கும் அந்நூலின் முழுப் பாடத்தையும் ஆசிரியர் தம் தளத்தில் எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறார். நூற்றுக்கணக்கான கோப்புகளுக்குப் பெயர் மாற்றுதல், எக்செல் தாள்களிலிருந்து விவரம் திரட்டுதல் போன்ற அலுவலகப் பணிகளை நிரலால் முடிப்பதையே அந்நூல் கற்பிப்பதால், கணினியியல் பட்டம் பெறும் எண்ணமில்லாத எழுத்தர், கணக்கர், ஆசிரியர் ஆகியோருக்கு மற்றெல்லா நூல்களையும்விட இதுவே பொருத்தம்.

நூல்வழிக் கற்றல் கைவராதவர்களுக்குப் பல்கலைக்கழகப் பாடங்கள் உள்ளன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் மேலன் நடத்தும் சிஎஸ்50 வரிசையில் 2022-இல் வெளியான பைத்தான் பாடத்தின் சிறப்பு அதன் வரிசைமுறை: பிழைகளைக் கையாளும் முறையை அது தொடக்க வாரங்களிலேயே கற்பிக்கிறது, எழுதிய நிரலைச் சோதிக்க வேறொரு நிரல் எழுதும் பழக்கத்தையும் நடுவிலேயே புகட்டிவிடுகிறது. பிற பாடங்கள் பல இவற்றைக் கடைசியில் ஒதுக்கும் அல்லது விட்டேவிடும். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடமோ பயிற்சிகளின் எண்ணிக்கையால் உயர்ந்தது. சிறு சிறு விளக்கத்துக்குப்பின் உடனுக்குடன் எழுதித் திருத்தப்பெறும் கணக்குகளாகவே அது நடைபெறுவதால், கை பழக வேண்டும் என்று விரும்புபவர் அதையே தேர்ந்துகொள்ளலாம். இந்தியாவில் ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் 2003 முதல் நடத்திவரும் என்பிடெல் திட்டத்தில், சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம், தரவுக் கட்டமைப்புகளையும் வழிமுறைகளையும் சேர்த்தே கற்பிக்கிறது. அதைக் கற்க எக்கட்டணமும் இல்லை; சான்றிதழ் வேண்டித் தேர்வு எழுதுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

துணைக்கருவிகளில் ஒன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஃபிலிப் குவோ 2010-இல் உருவாக்கிய 'பைத்தான் டியூட்டர்' என்னும் தளம், எழுதிய நிரலை வரிவரியாக ஓட்டி, ஒவ்வொரு வரிக்குப்பின்னும் கணினியின் நினைவகத்தில் என்ன இருக்கிறது என்பதைப் படமாக வரைந்து காட்டுகிறது. 1, 2 ஆகிய எண்களைக் கொண்ட ஒரு பட்டியலுக்கு 'அ' என்று பெயரிட்டு, பின்னர் 'ஆ' என்பதற்கு 'அ'வை வழங்கி, 'ஆ'வில் 3-ஐச் சேர்த்தால், 'அ'விலும் 3 வந்துவிடுவதைக் கண்டு குழம்பாத புதியவர் அரிது. அத்தளத்தின் படத்திலோ இரண்டு பெயர்களிலிருந்தும் புறப்படும் அம்புக்குறிகள் ஒரே பட்டியலைச் சுட்டி நிற்பதைக் காணலாம். உரைநடையில் பல பத்திகள் விளக்க வேண்டியது ஒரு பார்வையில் முடிந்துவிடுகிறது. கணினி இல்லாமல் கைபேசி மட்டும் வைத்திருப்போர், உலாவியிலேயே நிரலை ஓட்டித் தரும் கூகுள் கோலாப் தளத்தையோ, இணையமின்றியும் ஆண்ட்ராய்டு கைபேசியில் இயங்கும் பைட்ராய்டு 3 செயலியையோ பயன்படுத்தலாம். பயிற்சிக் கணக்குகளுக்கு, எழுதிய நிரலைப் பிறர் பார்த்துக் கருத்துரைக்க வழிசெய்யும் எக்ஸர்சிசம் தளம் ஒன்றே போதும். கணித ஆர்வமுள்ளோர், கணிதப் புதிர்களை நிரலால் தீர்க்கத் தரும், 2001 முதல் நடந்துவரும் புராஜெக்ட் ஆய்லர் தளத்தையும் சேர்த்துக்கொள்வர்.

தமிழ்வழி பயில்வோருக்கு என்ன உண்டு என்ற வினாவுக்கு, பலரும் கவனிக்கத் தவறும் விடை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்பிக்கிறது. அதன் தமிழ்வழிப் பதிப்பை எவரும் இலவசமாகத் தரவிறக்கலாம். மாறிகள், கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகள், செயற்கூறுகள், சரங்கள், பட்டியல்கள், இனக்குழுக்கள் என்று முறையாகச் செல்லும் அப்பாடநூல், கலைச்சொற்களைத் தமிழில் நிலைநிறுத்தித் தருவதால், ஆங்கில நூல்களுக்குச் செல்லும் முன் படிக்கத் தகுந்தது. தேர்வை நோக்கிய வினாக்களே மிகுதி என்பது அதன் குறை. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் கொடுக்கப்பட்ட, ஏறத்தாழப் பத்து நிமிட அளவிலான காணொளிகளை வழங்குகிறது. பார்த்துக்கொண்டே பக்கத்தில் செய்து பார்க்கும் முறையில் அவை அமைந்திருப்பது பாராட்டுக்குரியது. கணியம் அறக்கட்டளையினர் 'எளிய தமிழில்' என்னும் வரிசையில் கணினி நூல்களைப் பொது உரிமத்தில் வெளியிட்டு வருகின்றனர்.

ஆயினும் தமிழில் எழுத வேண்டியவை இன்னும் உள்ளன. ஆங்கில நூல்களின் பெயர்ப்பு மட்டும் அக்குறையைத் தீர்த்துவிடாது. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் அது 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும். யூனிகோடு முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகவும், 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கப்பட, பைத்தான் எழுத்துகளை எண்ணாமல் அக்குறியீடுகளை எண்ணுவதே இதற்குக் காரணம். அதே சொல்லைத் திருப்பி அச்சிடச் சொன்னால், உயிர்க்குறிகள் இடம்மாறிப் படிக்க இயலாத ஒன்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தொடக்க நூல்கள் இதைத் தொடுவதில்லை. தம் தாய்மொழிச் சொல்லை வைத்து முதல் பயிற்சி செய்து பார்க்கும் மாணவரோ, தாம்தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணி மனம் தளர்கிறார். ஓப்பன்-தமிழ் என்னும் இலவச நிரல்தொகுப்பு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடவும் பைத்தான் 3 இடம்தருகிறது. இவற்றையெல்லாம் முதல் அத்தியாயங்களிலேயே சொல்லும் தமிழ்ப் பாடம் வேண்டும்.

கற்பவர் செய்ய வேண்டுவது இதுதான்: மேற்கூறியவற்றுள் ஒரு நூலையோ ஒரு பாடத்தையோ மட்டும் தேர்ந்து, அதை முடிக்கும்வரை மற்றொன்றைத் திறவாமல், ஒவ்வொரு பயிற்சியையும் தம் கையால் தட்டச்சிட்டு ஓட்டிப் பார்ப்பது. எதைத் தேர்வது என்று தெரியாதவர் 'பைத்தான் ஃபார் எவ்ரிபடி'யைத் தேர்க. அதை முடித்தபின் அதிகாரப்பூர்வப் பாடத்தை ஒருமுறை முழுமையாகப் படிக்க. கற்பிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வணிக நோக்கின்றி மொழிபெயர்க்கவும் மாற்றியெழுதவும் டவுனியின் நூலும் செவரன்ஸின் நூலும் ஏற்கெனவே உரிமம் தந்துவிட்டன. வர்ஜீனியாவின் பள்ளி ஆசிரியர் செய்ததைத் தமிழறிந்த பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, ஆளுக்கோர் அத்தியாயமாகப் பிரித்துக்கொண்டு, தமிழ்ச் சொற்களையே எடுத்துக்காட்டுகளாக வைத்து இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.